நாகேஸ்வரி அடக்கிய மூச்சு

றப்பர் பொம்மையின் உதடு வெதுவெதுப்பாக இருந்தது.

யோகா கையை இழுத்துக்கொண்டாள். எழுபத்தைந்தாம் ஆண்டு ஜூன் மாதத்து மெல்பேர்ண் குளிர். ஆஸ்பத்திரியின் அந்தப் பின்னறையில் ஹீட்டர்கூடக் கிடையாது. அந்திக்கு முன்பே ஜன்னல் இருண்டுவிட்டது. வெளியே வளைவில் திரும்பும் டிராமின் கிறீச்சொலி, உள்ளே பழைய றப்பரும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை, மேசையில் வாயைப் பிளந்தபடி மல்லாந்து கிடக்கும், இடுப்புக்குக் கீழ் ஒன்றுமில்லாத அந்த உருவம்.

"என்னடி, கடிச்சுப் போட்டானோ?" நாகேஸ்வரி சிரித்தாள்.

"சூடாக் கிடக்கு."

"உன்னைக் கண்ட வெக்கமாக்கும்."

இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மயக்கமருந்துத் துறையில் பயிற்சி பெறுகிற டொக்டர்கள். மறுநாள் காலை பெரிய டொக்டர் முன்னிலையில் இதே பொம்மையில் சோதனை. ஒப்பரேஷன் நடுவில் மூச்சுவழி அடைத்துப்போன நோயாளியாக அதை நினைத்து, வாய்வழியே மூச்சுக்குழலுக்குள் குழாய் இறக்க வேண்டும். நன்றாகச் செய்கிறவளுக்கு நிரந்தர வேலை. இருப்பதோ ஒரே இடம்.

நாகேஸ்வரியின் கை அப்படி. அவள் விளக்கு பொருத்திய அலகை நாக்கில் வைத்தாலே பொம்மை தானாகத் தொண்டையைத் திறந்து காட்டும். யோகாவின் குழாய் மட்டும் ஒவ்வொரு முறையும் தவறி இரைப்பைக்குள் போகும். நெஞ்சு எழும்ப வேண்டிய இடத்தில் வயிறு உப்பும். "பரவாயில்லை, இன்னொருக்காச் செய்" என்பாள் நாகேஸ்வரி. ஏசியிருந்தால்கூட யோகா தாங்கியிருப்பாள். அந்தப் பரிவுதான் அவளை உள்ளே அரித்தது. வெல்லப் போகிறவளுக்குப் பரிவு காட்டுவதில் என்ன நட்டம்?

பெரிய டொக்டரிடம் ஒரு வழக்கம் உண்டு. குழாய் இறக்கும்போது நீயும் மூச்சை அடக்கு. உனக்கு மூச்சு முட்டினால் நோயாளிக்கும் முட்டுகிறது, முயற்சியை விட்டுவிட்டுக் காற்றுக் கொடு என்பார். பதற்றத்தில் யோகா தன்னையறியாமலே மூச்சு விட்டுவிடுவாள். அதனால் அந்த வேலையையும் நாகேஸ்வரியே ஏற்றிருந்தாள். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து அவளுக்காகத் தான் அடக்கி, முட்டியதும் கை தூக்குவாள்.

"அடக்கப் போறன். தொடங்குங்கோ, மகாராணி."

யோகா அலகை நுழைத்தாள். உள்ளே ஈரம். றப்பருக்கு ஏது ஈரம்? சின்ன வெளிச்சத்தில் தொண்டை சுருங்கி விரிந்ததுபோல் இருந்தது. தன் கைதான் நடுங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஒரே ஒரு முறை அவளுடையது எனக்கு வரட்டும். அவள் கை. அவள் நிதானம். அவளிடம் இருப்பதெல்லாம். குழாயைத் தள்ளினாள். உள்ளிருந்து யாரோ வாங்கிக்கொண்டதுபோல் அது வழுக்கி இறங்கியது.

குழாயில் காற்றுப்பையை மாட்டி அமுக்கினாள். பொம்மையின் நெஞ்சு எழும்பியது. வயிறு அசையவில்லை.

"நாகேஸ், பார்! சரியா இறங்கிட்டுது!"

நாகேஸ்வரி கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். வாய் மூடியிருந்தது. கண்கள் விரிந்திருந்தன.

"பகிடி விடாதை. மூச்சை விடடி."

யோகா மறுபடி அமுக்கினாள். கதிரையில் இருந்தவளின் நெஞ்சு எழும்பியது.

விட்டாள். தாழ்ந்தது.

அமுக்கினாள். எழும்பியது.

குழாயை உருவப் பார்த்தாள். பொம்மையின் பற்கள் அதை இறுகக் கடித்திருந்தன. கதவு அறையின் அந்தக் கோடியில். ஆளைக் கூப்பிடப் போனால் பையை விட வேண்டும். இங்கேயே நின்று அமுக்கிக்கொண்டிருக்கலாம். யாராவது வரும்வரை. விடியும்வரை.

நாளை காலை.

ஒரே இடம்.

கை நின்றது.

பை அவள் உள்ளங்கையில் நிறைந்து நின்றது. நாகேஸ்வரியின் உதடு நீலம் பாரித்தது. பிறகு நகங்கள். அவள் எழும்பவில்லை, யோகாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல்கள் மடங்கவில்லை.