ஆளில்லாத வீடுகள்

அச்சகத்தின் மாடியில் ஒரு நீளமான அறை. கீழே வேலை செய்பவர்களின் பிள்ளைகள் பள்ளி விட்டதும் அங்கே வந்துவிடுவார்கள். வேலை முடியும்வரை ஒரு மிஸ் அவர்களைப் பார்த்துக்கொள்வார். மொத்தம் பதினெட்டு வானரங்கள்.

அவர்களில் ஒருத்தியைப் 'பென்சில்' என்றுதான் கூப்பிடுவார்கள். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதையே எல்லா இடத்திலும் தேடுபவள். பத்து வயது. அவளுடைய ஆறு வயதுத் தம்பி பொடியன். அம்மா கீழே தாள் அடுக்கும் பிரிவில் இருந்தார்.

அச்சில் வீணான தாள்கள் மாடிக்கு வரும். ஒரு பக்கம் ஏதாவது அச்சாகியிருக்கும், மறுபக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் பொடியன் எப்போதும் ஆறு கால் நாய் ஒன்று வரைவான்.

"ஏன்டா ஆறு கால்?"

"ரெண்டு ஸ்பேர், அக்கா."

வீடு போய்ச் சேரும்வரை அந்த நாயின் வீரச்செயல்களைச் சொல்லி அம்மாவின் காதைத் துளைத்துவிடுவான்.

பென்சில் காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துவிட்டாள். அந்த நாட்களில் பொடியன் மாறிப்போனான். மாலையில் வீட்டுக்கு வருவான், செருப்பைக் கழற்றுவான், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான்.

"நாய் என்னடா பண்ணுது?" என்று அவள் கேட்டாள்.

"தெரியல. எனக்கு முப்பத்தோரு ஸ்டார்."

மிஸ் ஒரு படத்துக்கு ஒரு ஸ்டார் ஒட்டுகிறாராம். அதிகம் சேர்த்தவருக்குப் பெரிய கலர் பெட்டியாம். பென்சில் ஒரு தாளை நீட்டினாள். "எனக்கு ஒண்ணு வரைஞ்சு குடேன்."

"நீ ஸ்டார் தருவியா?"

"என்கிட்ட ஏதுடா?"

அவன் தாளைத் திருப்பித் தந்துவிட்டான். காய்ச்சலில்கூட அவள் அழவில்லை, அன்றைக்கு அழுதாள்.

காய்ச்சல் விட்டதும் அவள் மாடிக்குப் போனாள். படியேறும்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. மேலே சத்தமே இல்லை. கீழே ஓடும் இயந்திரம் மட்டும் தடக், தடக் என்று தரையை அதிரவைத்தது.

எல்லாரும் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்கள். தடக், ஒரு சுவர். தடக், ஒரு கூரை. தடக், ஒரு கதவு. தடக், ஒரு ஜன்னல். பதினேழு கைகளும் இயந்திரத்தின் தாளத்துக்கு ஒன்றாக அசைந்தன. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னப்பா, எல்லாரும் வீடா வரையறீங்க?"

"வீடுதான் சீக்கிரம் முடியும்" என்றது ஒரு குரல். யார் சொன்னது என்றுகூட அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான்கு சுவர்களிலும் அந்த வீடுகள்தான். நூற்றுக்கணக்கான வீடுகள், ஒரே கூரை, ஒரே கதவு. ஒரு ஜன்னலிலும் ஆளில்லை. ஆனாலும் அந்தக் காலி ஜன்னல்கள் எல்லாம் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

பயத்தை மறக்க ஒரு மீன் வரையலாம் என்று உட்கார்ந்தாள். ஜன்னல்களையே பார்த்தபடி வரைந்தாள். கீழே குனிந்து பார்த்தபோது, தாளில் ஒரு வீடு இருந்தது.

அவள் எப்போது அதை வரைந்தாள்? அவளுக்கே தெரியவில்லை.

வெடுக்கென்று தாளைக் கவிழ்த்தாள். பின்பக்கம் ஏதோ பேருந்து அலுவலகத்தின் புகார்ப் படிவம். பெயர், முகவரி, புகார் என்று கட்டங்கள். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள்.

எழுதியதைப் பொடியனின் பக்கத்தில் தள்ளினாள். "இதுக்கு ஸ்டார் கிடையாதுடா. இது படமே இல்ல. சும்மா படிச்சுப் பாரு."

அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். பெயர்: ஆறு கால் நாய். முகவரி: தெரியவில்லை, எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கிறது. புகார்: எந்த வீட்டிலும் ஆளே இல்லை. நான் யாரைப் பார்த்துக் குரைப்பது?

அவன் கை நின்றது. தடக் என்றது இயந்திரம். அவன் கை அசையவில்லை.

"நாய் இப்படி எழுதாதுக்கா" என்றான் மெதுவாக. "அதுக்குக் கையெழுத்து மோசமா இருக்கும்."

"அப்போ நீயே எழுது."

அவன் தன் தாளைத் திருப்பி எழுதினான். புகார்க் கட்டத்தின் ஓரத்தில் நாயையும் போட்டான். ஆறு கால்களுக்கும் கட்டத்துக்குள் இடம் போதாமல் இரண்டு கால்கள் முகவரிக்குள் போய்விட்டன. அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்த அமைதியில் அது பட்டாசு போலக் கேட்டது. பதினாறு தலைகள் நிமிர்ந்தன.

"என்னடா அது?"

"நாய் கம்ப்ளெயிண்ட் குடுக்குது."

"எங்க பூனைக்கும் ஒரு கம்ப்ளெயிண்ட் இருக்கு. ஃபார்ம் இருக்கா?"

"உன் தாளைத் திருப்பிப் பாரு."

ஒவ்வொரு தாளாகப் புரண்டது; அன்றைக்கு வந்த எல்லாத் தாளிலும் அதே படிவம். பூனை எழுதியது, பல்லி எழுதியது, ஒருத்தியின் இடது செருப்பு வலது செருப்பின் மேல் நீளமாக ஒரு புகார் எழுதியது. ஒரு பையன் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த வீட்டு ஜன்னலில் ஒரு மூக்கை வரைந்தான். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது அது யார் காதிலும் விழவில்லை.

மிஸ் ஸ்டார் அட்டையோடு வந்தார். பொடியனின் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு தங்க ஸ்டாரை உரித்தார்.

"அருமையா இருக்கே. இதுக்கும் ஒண்ணு ஒட்டட்டுமா?"

பென்சில் தம்பியையே பார்த்தாள்.

பொடியன் தலையைத் தூக்கவே இல்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மிஸ்" என்றான். "வெளிச்சம் மறைக்குது."