தூங்கும் கடல்பசுக்கள்

கார்த்திகா சித்திக்குக் கரூரிலிருந்து ஒரு வேலை வந்திருந்தது. குழந்தைகள் போர்வைக்குப் படம் வேண்டும். தூங்குகிற விலங்காக இருக்க வேண்டும். நிறம் பளிச்சென்று இருக்க வேண்டும்.

துணியில் அச்சடிக்கும் படங்களை வரைவதுதான் சித்தியின் தொழில். எந்தக் கம்பெனியிலும் அவர் வேலை பார்க்கவில்லை. கேட்கிறவர்களுக்கு வரைந்து அனுப்புவார். மணமேல்குடிக்குப் பக்கத்தில், கடல் தெரியும் தூரத்தில் அக்கா வீடு. அந்த வீட்டின் முன்னறைதான் அவருக்கு ஆபீஸ். ஒரு பாய், ஒரு டேப்லெட், அதில் வரைய ஒரு பேனா.

சனிக்கிழமை மதியம் அக்கா மகள் இலக்கியா பாயின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

"இது என்ன சித்தி?"

"கடல்பசு."

"ஆரஞ்சு கலர்லயா?"

"போர்வைக்கு வார கடல்பசு ஆரஞ்சாத்தான் இருக்கும். பக்கத்துல ஊதாக் கலர்ல இருக்கு பாரு, அது தங்கச்சி. ஒன்னைய மாதிரியே கேள்வி கேட்டுட்டு இப்பத்தான் தூங்குது."

இலக்கியா சிரித்தாள்.

ஒரு சதுரத்துக்குள் கடல்பசுக்கள் நிறைந்திருந்தன. பச்சை, மஞ்சள், ரோஸ். எல்லாம் கண்ணை மூடியிருந்தன. சில தலைகீழாக இருந்தன. துணியை எந்தப் பக்கம் வெட்டினாலும் படம் சரியாக வர வேண்டும், அதனால்தான் அப்படி என்றார் சித்தி. இந்த ஒரு சதுரமே மறுபடி மறுபடி வந்து போர்வை முழுவதும் நிறையும்.

உள்ளேயிருந்து தம்பி சிவபிரகாஷ் வந்தான். அவனுக்கு ஆறு வயது. கண்கள் சிவந்திருந்தன.

சிவா சில நாட்களாகச் சரியாகத் தூங்குவதில்லை. கண் சொருகும். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்வான். பள்ளியில் சோற்றுத் தட்டின் மேலேயே சாய்ந்துவிட்டதாக டீச்சர் சொன்னார். எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்று அம்மா மந்திரித்த கயிறு கட்டினார். கயிறு கட்டியும் தூங்கவில்லை.

அவன் படத்தைப் பார்த்தான்.

"இதெல்லாம் என்ன செய்யுது சித்தி?"

"தூங்குதுடா தங்கம்."

சிவாவின் முகம் மாறியது. வாசலைத் தாண்டி ஓடினான்.

"என்னடி ஆச்சு இவனுக்கு?" என்றார் சித்தி.

இலக்கியா பின்னால் போனாள். கரையில் கவிழ்த்து வைத்திருந்த பழைய படகின் நிழலில் அவன் உட்கார்ந்திருந்தான். இரண்டு விரல்களால் கண்களைப் பிரித்துப் பிடித்திருந்தான்.

"கண்ணுல என்னடா? மண்ணா?"

"தூக்கம் வருது."

"வந்தா தூங்க வேண்டியதுதானே?"

"தூங்குனா பொதைச்சிருவாங்க."

இலக்கியாவுக்குப் புரியவில்லை. "யாரு?"

"அப்பாவும் ஆபீசருங்களும். அன்னைக்கு ஒரு கடல்பசு வந்துச்சுல்ல? அது தூங்குதுன்னு அப்பாதான் சொன்னாரு. அப்புறம் குழி தோண்டி அதைப் போட்டு மூடிட்டாங்க. அது தூங்கிக்கிட்டே இருந்துச்சுக்கா. யாரும் எழுப்பவே இல்ல."

இலக்கியா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளும் கரையில் இருந்தாள். அப்பாவின் வலையில் மாட்டிய கடல்பசு அது. வலையை அறுத்துத்தான் அப்பா அதை எடுத்தார். அதற்குள் அது செத்துவிட்டது. வனத்துறைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பிறகு எல்லோருமாகப் புதைத்தார்கள்.

அது தூங்குகிறது என்று அப்பா தம்பியிடம் சொன்னது அவளுக்குத் தெரியாது.

"நீ அதைத் தொட்டியாடா?"

"தொட்டேன். ஜில்லுனு இருந்துச்சு."

"வாடா என்கூட."

கூடத்தில் அப்பா ஆத்மநாதன் படுத்திருந்தார். இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு வந்தால் மதியத்தில்தான் தூங்குவார். இலக்கியா தம்பியின் கையை எடுத்து அப்பாவின் வயிற்றின் மேல் வைத்தாள்.

"என்ன செய்யுது?"

சிவா கொஞ்ச நேரம் பார்த்தான். "மேல வருது. கீழ போவுது."

"சூடா, ஜில்லுனா?"

"சூடு."

"இதுதான் தூக்கம். அன்னைக்கு அது வயிறு இப்படி அசைஞ்சுச்சா?"

சிவா தலையை ஆட்டினான். இல்லை.

"அது தூங்கலடா. செத்துப்போச்சு. செத்துப்போனதைத்தான் பொதைப்பாங்க. தூங்குறவங்கள யாரும் பொதைக்க மாட்டாங்க."

"அப்ப அப்பா ஏன் தூங்குதுன்னு சொன்னாரு?"

அப்பாவின் வயிறு அசையாமல் நின்றது. அவர் விழித்துக்கொண்டிருந்தார்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"அக்கா சொல்றதுதான் சரி," என்றார். "அது செத்துப்போச்சு. என் வலையிலதான் மாட்டுச்சு. கடல்பசுவால தண்ணிக்குள்ளயே ரொம்ப நேரம் இருக்க முடியாது. மூச்சு விட மேல வரணும். வலை விடல. நான் பார்க்கையில எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஒன்ட்ட அதை எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலடா."

சிவா அழுதான். கடல்பசு கரைக்கு வந்த நாளில் அவன் அழவில்லை. இப்போதுதான் அழுதான். அப்பா அவனை மடியில் வைத்துக்கொண்டார். அழாதே என்று சொல்லவில்லை.

அழுகை நின்றதும் சிவா முன்னறைக்குப் போனான்.

"சித்தி, இதெல்லாம் மூச்சு விடுதா?"

சித்தி இலக்கியாவைப் பார்த்தார். வாசற்படியில் வந்து நின்ற அப்பாவையும் பார்த்தார். உள்ளே பேசியது அவர் காதிலும் விழுந்திருந்தது.

"விடுதுடா," என்றார் மெதுவாக.

"எப்படித் தெரியும்?"

சித்தி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மூக்குகிட்ட குமிழி போடுங்க சித்தி," என்றாள் இலக்கியா. "தண்ணிக்குள்ள மூச்சு விட்டா குமிழி வரும்ல?"

"சாயங்காலம் அனுப்பியாகணுமேடி," என்றார் சித்தி. ஆனால் கையில் பேனாவை எடுத்துவிட்டார்.

ஆரஞ்சு கடல்பசுவின் மூக்கருகே சின்ன வட்டங்கள் வந்தன. பிறகு ஊதாவுக்கு. தலைகீழாக இருந்தவற்றுக்கும் வந்தன. சிவா பாயில் குப்புறப் படுத்து ஒவ்வொன்றாக விரலால் காட்டினான்.

"இதுக்கு இல்ல."

"இந்தா."

"அந்தப் பச்சைக்கு?"

"வாரேன் இரு. எனக்கு ரெண்டு கைதான்."

"ஒரு கையாலதான வரையுறீங்க?"

"வாயைப் பாரு இவனுக்கு."

ஓரத்தில் ஒரு ரோஸ் கடல்பசு இருந்தது. சதுரத்துக்குள் அதன் வாலும் முதுகும் மட்டுமே தெரிந்தன.

"இதுக்கு மூக்கே இல்லையே. இது எப்படி மூச்சு விடும்?" சிவாவின் குரல் தூக்கத்தில் குழறியது.

"அதோட தலை அங்கிட்டு இருக்குடா. எதிர் ஓரத்துல. ரெண்டு சதுரத்தைச் சேர்த்தா முழுசாயிரும். இரு, காட்டுறேன்."

சித்தி எதிர் ஓரத்தில் இருந்த தலைக்குக் குமிழிகளை வரைந்தார். பக்கத்தில் இன்னொரு சதுரத்தைக் கொண்டுவந்து ஒட்டினார். வாலோடு தலை சேர்ந்தது. மூக்கின் மேல் குமிழிகள் வரிசையாக ஏறின.

"இப்பப் பாரு," என்றார்.

சிவா பார்க்கவில்லை.

இலக்கியா அவன் முதுகின் மேல் கையை வைத்தாள். அது மேலே வந்தது. கீழே போனது.