இடம் மாறிய ஜோடி

“தம்பின்னா உனக்கு உசிரு... புருஷன் எக்கேடு கெட்டா என்ன! அப்படித்தானே?”

காலை ஆறரைக்கே ஆரம்பித்துவிட்டார். இறுதி ஆட்டத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அவள் விடுதி அறைத் தரையில் உட்கார்ந்து அவருடைய ஆட்ட நாற்காலியின் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்.

சக்கர நாற்காலி டென்னிஸில் இந்த இரட்டையர் ஜோடி ஒன்பது வருடப் பழக்கம். கணவர் இடப்பக்கம், அவளுடைய தம்பி வலப்பக்கம். நடுவில் உயர வரும் பந்தெல்லாம் இடப்பக்கத்துக்காரருக்கு. ஓங்கி அடிப்பதும் கைதட்டல் வாங்குவதும் அவர்தான். பயிற்சியாளரும் பஞ்சர் ஒட்டுபவளும் அவளே. நேற்று மாலைதான் இருவரையும் இடம் மாறி ஆடச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை.

ஒரு மாதமாக மனிதர் பனியனை விட்டுவிட்டுப் பட்டன் வைத்த சட்டையாகவே போட்டுக்கொண்டிருந்தார். தலைவழியாக மாட்ட வலது கை மேலே போகவில்லை. சர்வீஸைப் பக்கவாட்டில் இழுத்து ஒப்பேற்றிவிடுவார்; உயரப் பந்துதான் ஆகாது. யாருக்கும் தெரியாதென்று நினைத்து இடது கையால் தலை வாரிக்கொண்டார், பாவம்! வாய்விட்டுக் கேட்டால் ரோஷத்தில் ஆட்டத்தையே விட்டுவிடுவார். அதனால் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

மாமியார் ஃபோனிலும் விடவில்லை. “என் புள்ளைய ஓரங்கட்டிட்டியேடி! ஊரே பாக்குற மேட்ச்சு...”

“முடிஞ்சதும் பேசறேன் அத்தை.”

தம்பி தயங்கித் தயங்கி வந்தான். “அக்கா, அத்தான் மூஞ்சியே சரியில்ல. பழையபடியே ஆடிடுறோமே?”

“சொன்னபடி ஆடுடா. ஜெயிக்கப் போறது நீங்கதான்.”

முதல் செட் போயிற்று. அவர் திரும்பி முறைத்தார். அவள் அசையவில்லை. இரண்டாவது செட்டில் எதிரணியின் கணக்குத் தப்பத் தொடங்கியது. வலது ஓரத்துக்கு விரட்டிய பந்துகளை அவர், சக்கர நாற்காலி ஆட்டத்தில் அனுமதியுள்ள இரண்டாவது துள்ளலில் எட்டிப் பிடித்துத் தாழ்வாகத் திருப்பினார். ஒன்றுகூட வீணாகவில்லை.

மூன்றாவது செட். வெற்றிக்கு ஒரே புள்ளி. பந்து நடுவில் உயர எழும்பியது. பழக்கதோஷம், அவர் கையைத் தூக்கினார். காதுக்கு மேல் போகவில்லை...!

“என்னோடது அத்தான்!” இடப்பக்கத்திலிருந்து பாய்ந்து வந்த தம்பி ஓங்கி அறைந்தான். ஆட்டம் முடிந்தது!

அரங்கம் அதிர்ந்தது. அவர் நேரே அவள் நின்ற கம்பித் தடுப்புக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“உனக்கு... தெரியுமா?”

“ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியாதா?”

“அப்புறம் ஏன்டி சொல்லல? அவ்வளவு திட்டினேனே...!”

“திட்டினா தாங்குவேன். நீங்க ஆட்டத்த விட்டா தாங்க மாட்டேன்.”

அவள் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பிறகு பரிசளிப்பு மேடையில் மைக்கை வாங்கினார்.

“என் தோள் போயி ஒரு மாசம் ஆச்சு. மறைச்சுட்டேன். இடம் மாத்தி ஜெயிக்க வெச்சது என் வீட்டுக்காரி. அம்மா... டிவியில பாத்துக்கிட்டுதானே இருக்கே? இனிமே அவள ஒரு வார்த்தை சொல்லாதே!”

அதுவரை கல்லாக நின்றவளுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது.

“கப்பைத் தூக்குங்க!” என்று புகைப்படக்காரர்கள் கத்தினார்கள்.

“நமக்கு ஆகாது. நீ வா!” என்றார் அவர், அவளைப் பார்த்து.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே போய் நின்றாள். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.