வாசலில் சொன்ன வார்த்தை

பாளையங்கோட்டையில் அப்போதெல்லாம் பெண் பார்க்கப் போனால் ஜாதகத்துக்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது.

"பொண்ணு கைவசம் பயணம் இருக்கா, முடிஞ்சாச்சா?"

இருக்கிறது என்றால் பெண்வீட்டார் குரலில் ஒரு மிடுக்கு வந்துவிடும். முடிந்தது என்றால் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எங்கே போனாள், யாரோடு போனாள், எதற்குப் போனாள் என்று துருவ ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆளுக்கு ஒரு பயணம்தான். பூமி கொதித்துப்போய், பாதித் துறைமுகங்கள் முங்கிய பிறகு உலக நாடுகள் எல்லாம் கூடி எடுத்த முடிவு அது. கடல் தாண்டிப் போய்த் திரும்பி வருவது ஒருவருக்கு ஆயுளில் ஒரே முறை. நெடும்பயணம் என்று பெயர் வைத்தார்கள். அதை விற்க முடியாது, தானம் கொடுக்க முடியாது, பிள்ளைகளுக்கு விட்டுப்போகவும் முடியாது. சாவு வீட்டில்கூட, "பாவி மனுஷன், வச்சிருந்து வச்சிருந்து போகாமலே போயிட்டாரே" என்று சொல்லித்தான் அழுதார்கள்.

சங்கரபாகமும் அவர் மனைவி பூங்கோதையும் தங்கள் பயணங்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். கல்யாணமான புதிதில் குற்றாலத்துக்குத் தேனிலவு போனபோதே ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் கூட வந்தார்கள். அதற்குப் பிறகு போன இடத்தில் எல்லாம் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு பயணமாவது நாம் இரண்டு பேர் மட்டும் என்று சத்தியம் பண்ணாத குறையாகப் பேசிவைத்திருந்தார்கள். நாடு நார்வே என்று முடிவாகிவிட்டது. எப்படிச் சுற்றுவது என்பதில்தான் தகராறு.

பூங்கோதைக்குக் கப்பல்தான் வேண்டும். நார்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து கிடக்கும். அதற்கு ஃபியோர்டு என்று பெயர். அந்த ஃபியோர்டுகளுக்குள் கப்பலில் போவது அவள் இளவயது ஆசை.

"ஏறி உக்காந்தா போதும் அத்தான். மலை தானா வரும், அருவி தானா வரும், சோறும் நேரத்துக்கு வரும். உங்க ரயில்ல என்ன வரும்?"

"ஸ்டேஷன் வரும்" என்றார் சங்கரபாகம். "ஃபின்சேன்னு ஒரு ஸ்டேஷன், கோதை. மலை மேல இருக்கு. ரோடே கிடையாது, ரயில் மட்டும்தான் போகும். கூட்டத்தோட போகாம, வழிகாட்டி இல்லாம நாமளா போவோம். அங்க இறங்கிப் பனியைப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருப்போம். அடுத்த ரயில் வந்தா ஏறுவோம், இல்லன்னா அதுக்கடுத்தது."

"சும்மா உக்காரவா ஆயுசுல ஒரு தடவ போறோம்?"

"சும்மா உக்காரத்தான்" என்றார்.

கடைசியில் முதல் பாதி கப்பல், இரண்டாம் பாதி ரயில் என்று சமாதானம் ஆனார்கள். பெர்கன் துறைமுகத்தில் கப்பல் ஏறி ஃபியோர்டுகளைப் பார்த்துவிட்டு, மறுபடி பெர்கன் வந்து, அங்கிருந்து ஓஸ்லோவுக்கு ரயில். ஜன்னலோரம் எதிரும் புதிருமாக இரண்டு இருக்கைகள். சங்கரபாகம் சொன்னார், வாக்கி பதிவு செய்தது.

வாக்கி என்றால், அரிசிமணி அளவில் ஒரு கருவி. காதுக்குப் பின்னால் செவிநரம்பை ஒட்டி வைத்திருப்பார்கள். ஒருவர் பேசுவதும் கேட்பதும் அதன் வழியாகத்தான். சொல்லை அது காரியமாக்கிவிடும். பால் தீர்ந்துவிட்டது என்று அலுத்துக்கொண்டால் பால் வந்துவிடும். வியாழக்கிழமை வருகிறேன் என்றால் வியாழக்கிழமை வாசலில் வண்டி நிற்கும். மனிதர்கள் வாக்கு தவறிய காலம் இத்துடன் ஒழிந்தது என்று அதைச் செய்தவர்கள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். பொய்யையும் அது கண்டுபிடிக்கும். பொய் சொன்னால் குரலில் மெல்லிய நடுக்கம் வரும் அல்லவா? ஆனால் நம்மவர்கள் உபசாரம் பேசும்போது குரல் நடுங்காது, இன்னும் குழையத்தான் செய்யும். வாக்கி அதை மனப்பூர்வம் என்றே எடுத்துக்கொண்டது.

இந்த இடத்தில்தான் சங்கரபாகம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

உலகம்மாள் அவருடைய மதினி, காலமான அண்ணனின் மனைவி. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். ஒரே மகள் தமயந்தி கல்யாணமாகி நியூசிலாந்து போய்விட்டாள். போனதில் அவளுடைய நெடும்பயணத்தில் பாதி தீர்ந்தது. மீதிப் பாதியில் ஊருக்கு வந்தால் திரும்பிப் புருஷனிடம் போக முடியாது. ஆகவே தமயந்திக்குப் பிள்ளைப்பேறு வரும்போது போய்ப் பார்க்கவென்று உலகம்மாள் தன் பயணத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். சொந்தத்தில் இது தெரியாதவர் கிடையாது. சங்கரபாகத்துக்கும் நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு அவள் வந்து, நார்வே சங்கதியைக் கேட்டு, வாய் நிறையச் சந்தோஷப்பட்டுவிட்டுக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வழியனுப்ப வந்தவர் வெறுமனே நிற்க முடியுமா? ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்.

"நீங்களும் வாங்களேன் மதினி. மூணு பேருமா போயிட்டு வருவோம்."

"அதுக்கென்ன தம்பி, கண்டிப்பா வாறேன்."

இரண்டு வாக்கிகளும் ஒரே நேரத்தில் மெல்ல மணி அடித்தன. அவள் தெருமுனை திரும்புவதற்குள் கப்பலில் மூன்று பேர் அறையும் ரயிலில் மூன்றாவது இருக்கையும் பதிவாகிவிட்டன.

"உங்க நாக்குல சனிதான் உக்காந்திருக்கு" என்று பூங்கோதை தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தப் பொம்பள, மகளுக்குன்னு வச்சிருந்தத இப்படியா அழிப்பாங்க? இப்பவே போயி ஒப்புக்குத்தான் கூப்பிட்டேன்னு சொல்லிருங்க."

அதற்கு வழி இருக்கத்தான் செய்தது. கடல் தாண்டுவதற்குள் இருவரில் யாராவது ஒருவர், மற்றவர் முகத்துக்கு நேரே, 'ஒப்புக்குத்தான் சொன்னேன்' என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். வாக்கி எல்லாவற்றையும் ரத்து செய்து பயணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். வேறு எந்த அபராதமும் கிடையாது.

சங்கரபாகம் போனார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். உலகம்மாள் காப்பி போட்டுக் கொடுத்து எதிரே உட்கார்ந்தாள். கொடியில் புதிதாக ஒரு கம்பளிச் சட்டை தொங்கியது. நார்வேக் குளிருக்கென்று வாங்கியது. அண்ணன் இருந்திருந்தால் இப்படி முகத்தில் அடித்தமாதிரி சொல்ல முடியுமா? மதினியை ஒப்புக்குக் கூப்பிட்ட பயல் என்று நாலு பேர் பேசமாட்டார்களா? ஒருவேளை அவளுக்கே வர ஆசையோ என்னவோ. இப்படி எதையோ நினைத்துச் சொல்ல வந்ததை மென்று விழுங்கினார்.

"ஏதோ சொல்ல வந்தியளே தம்பி?"

"ஒண்ணுமில்ல மதினி. அங்க குளிரு ஜாஸ்தி. கெட்டியான சாக்ஸா எடுத்துக்கிடுங்க."

உலகம்மாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "எடுத்துக்கிடுதேன்" என்றாள்.

ஜூன் மாதம் மூவரும் கடல் தாண்டிப் போய், பெர்கனில் கப்பல் ஏறினார்கள்.

கெய்ராங்கர் ஃபியோர்டு பூங்கோதை நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. செங்குத்தான பாறையிலிருந்து அருவிகள் நேரே கடலில் விழுந்தன. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். எடுத்த படங்களில் எல்லாம் உலகம்மாள் நடுவில், புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஓரத்தில். அவள் யாருக்கும் ஒரு தொந்தரவும் தரவில்லை. இவர்கள் இரண்டு பேரும் மேல்தளத்துக்குப் போனால் தனக்கு முழங்கால் வலி என்று கீழேயே இருந்துகொண்டாள். கொண்டுவந்த பருப்புப்பொடியை இருவருக்கும் போட்டுவிட்டுத்தான் தான் போட்டுக்கொண்டாள். அவள் சண்டை பிடித்திருந்தால்கூட சங்கரபாகத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அருவியைத் தாண்டிக் கப்பல் திரும்பும்போது நியூசிலாந்திலிருந்து அழைப்பு வந்தது. உலகம்மாளுக்குக் காதுக்குள் யாரோ பேசுவது பிடிக்காது. வாக்கியின் குரல் வெளியே ஒலிக்கும்படி வைத்திருந்தாள். அதனால் பக்கத்தில் நின்ற சங்கரபாகத்துக்கும் எல்லாம் கேட்டது.

"அம்மா, முழுகாம இருக்கேம்மா. இப்பத்தான் டாக்டர் சொன்னா. நீ எப்பம்மா வருவ?"

உலகம்மாளின் முகம் மலர்ந்தது. ஒரு நிமிடம் அவள் எல்லாவற்றையும் மறந்தே போனாள்.

"வாறேன்ம்மா, கண்டிப்பா வாறேன்!"

வாக்கி உடனே காரியத்தில் இறங்கியது. கொஞ்சம் தேடியது. பிறகு மரியாதையான குரலில், "உங்கள் கணக்கில் பயணம் இருப்பு இல்லை" என்றது.

மகளுக்கும் அது கேட்டது. உலகம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். சங்கரபாகத்துக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அருவியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரயிலில் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். பெர்கனிலிருந்து ஏறி ஏறி வண்டி மலை மேலே வந்தது. மரங்கள் குறைந்து, பனி தெரிந்து, ஃபின்சே வந்தது. அவர் கனவு கண்ட அதே ஸ்டேஷன். இறங்கினார்கள். பெஞ்சில் பூங்கோதை, உலகம்மாள், சங்கரபாகம் என்று வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிரே பனி கண் கூசப் பளபளத்தது. சும்மா உட்காரத்தான் வந்திருந்தார், உட்காரத்தான் முடியவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

பூங்கோதையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பட்டென்று போட்டு உடைத்தாள்.

"அக்கா, இவுக அன்னைக்கு உங்கள ஒப்புக்குத்தான் கூப்பிட்டாக."

"தெரியும்ளா" என்றாள் உலகம்மாள். "நானும் ஒப்புக்குத்தான் வாறேன்னேன். வாசல்ல ஒருத்தரு வாங்கன்னா, வரமாட்டேன்னா சொல்லுவாக? நான் போயி மாட்டேன்னா, கூப்பிட்ட மனுஷனுக்குக் கொறச்சல். தம்பியே வந்து சொல்லிருவாகன்னு இருந்தேன். வரத்தான் செஞ்சாக. சாக்ஸ் எடுக்கச் சொல்லிட்டுப் போயிட்டாக."

வாக்கிகள் மூன்றும் மணி அடித்தன. உலகம்மாளுடையது வெளியே பேசியது. "கடல் தாண்டிய பிறகு சொல்லும் உண்மையை ஏற்பதற்கில்லை. தெரிவித்தமைக்கு நன்றி."

அப்போதாவது சங்கரபாகம் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். அடுத்த ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊர் திரும்பிய பிறகு தெரிந்தது, இந்தக் கூத்து அவர்கள் வீட்டில் மட்டும் நடக்கவில்லை. ஒப்புக்குக் கூப்பிட்டவர்களும் ஒப்புக்கு ஒப்புக்கொண்டவர்களுமாக எத்தனையோ பேர் மனமில்லாமல் உலகத்தைச் சுற்றிவிட்டு வந்திருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன புகார்களைத் தாங்க முடியாமல் வாக்கியைத் திருத்தினார்கள். நம்முடைய குழைந்த குரல்களையே ஆயிரக்கணக்கில் கேட்க வைத்து அதற்குப் பாடம் நடத்தினார்கள். புதிய வாக்கி மனசையும் வாயையும் ஒத்துப் பார்க்கும். ஒப்புக்குச் சொன்ன சொல் என்றால் அதைக் காரியமாக்காது. அதோடு நிற்காமல், அது எதிராளியின் காதில் விழாதபடியும் தடுத்துவிடும்.

ஊரே அடங்கிவிட்டது. கல்யாண வீடுகளில் வாசலில் நிற்பவர்களின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தவர்கள் ஊமைப்படம் போல் இழுத்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் காலையில் சங்கரபாகத்தைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்பார். நல்லா இருக்கீங்களா என்றுதான் கேட்பார். வருஷக்கணக்காகக் கேட்கிற கேள்விதான். இப்போது அது காதில் விழவில்லை. சங்கரபாகத்துக்கு அது ரொம்பவே உறைத்தது.

தமயந்திக்குப் பெண் பிறந்த செய்தி வந்த அன்று அவர் உலகம்மாள் வீட்டுக்குப் போனார். இனியும் தள்ளிப்போட்டால் மனுஷனே இல்லை என்று தோன்றிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று நன்றாகப் பழகிக்கொண்டுதான் போனார். அவள் ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள். அவர் கைகூப்பினார்.

"மதினி, நான் செஞ்சது பெரிய தப்பு. என்னைய மன்னிச்சிருங்க."

உலகம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு காதைத் தடவிக்கொண்டாள்.

"என்ன தம்பி? வாய் அசையுது, சத்தமே வரலயே?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்னும் உரக்கச் சொன்னார். இன்னும் உருக்கமாகச் சொன்னார். அவள் தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டு நின்றாள். அவள் காதில் ஒன்றும் விழவில்லை என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. தன் மனப்பாரம் இறங்கினால் போதும் என்றுதான் தான் அங்கே வந்திருப்பது, அந்த அரிசிமணிக்குத் தெரிந்த அளவுக்குக்கூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கூப்பிய கை தானாக இறங்கியது. பழகி வைத்ததெல்லாம் போய், என்ன பேசுகிறோம் என்று யோசிக்காமல் பேசினார்.

"அன்னைக்கு நான் சொல்லத்தான் வந்தேன் மதினி. உங்க பயணம் போனாலும் போகட்டும், எம் பேரு கெட்டுறக் கூடாதுன்னு நெனச்சேன். அதான் சாக்ஸ் எடுக்கச் சொன்னேன். வெக்கமா இருக்கு. உங்க முகத்தப் பாக்க முடியல."

இது விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. உலகம்மாளுக்குக் கண் கலங்கியது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சிரித்தாளே, அதே மாதிரி முகம் நிறையச் சிரித்து ஏதோ பதில் சொன்னாள்.

அவள் உதடு அசைந்ததை வைத்து அவர் படித்துக்கொண்டார். அதனால என்ன தம்பி, நான் அதை அப்பவே மறந்துட்டேன்.

ஒரு சத்தமும் கேட்கவில்லை. சங்கரபாகம் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். தெருமுனையில் கீரைக்காரி கூவுவது அவருக்குத் தெளிவாகக் கேட்டது.