நீலத்துக்குள் ஒரு வெள்ளைக் கை

காலை எட்டு மணி. மலேசியாவின் பொந்தியான் நகர ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில் ரூபேந்திரன் மேசைமேல் சாய்ந்தபடி செத்துக் கிடந்தான். பக்கத்தில் விஷம் கலந்த காப்பி. அவன் வலது கை, வருடக்கணக்காக உயிரைக் கொடுத்து உருவாக்கிய ஒளிப்படலத்தின்மேல் கிடந்தது. மேலே எரிந்த புற ஊதா விளக்கில் அந்தப் படலம் வெள்ளையாக ஒளிர வேண்டும். நீலமாக ஒளிர்ந்தது.

"வெள்ளை வரல, புவான். மனசு ஒடஞ்சு குடிச்சிட்டான். வேற என்னலா?" என்றான் கூட்டாளி ஆலன். கூடத்துக்கு முதல் போட்டவன். விஞ்ஞானம் அவனுக்குச் சுத்த சூனியம்.

மலாயில் 'புவான்', அம்மணி, என்று மரியாதையாக அழைத்தாலும், இன்ஸ்பெக்டர் ஐலீனுக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை.

"கதவு?"

"பூட்டியிருந்திச்சு. சாவி ரெண்டுதான். ஒன்னு அவன் பாக்கெட்ல. என்னோடத வச்சு இப்பதான் தொறந்தேன்."

"விளக்கு?"

"உள்ள கும்மிருட்டு. நான்தான் சுவிட்ச போட்டேன்."

வாசலில் தேன்மொழி வெடித்தாள். அங்கேயே வேலை செய்பவள். ரூபேந்திரனுக்கு நிச்சயமான பெண். "பொய்! நேத்து வெள்ளையா எரிஞ்சத நான் பாத்தேன். இந்த ஆலன் இத விக்கச் சொன்னாரு, அவரு மாட்டேன்னாரு. இப்ப தோத்துப்போய் செத்தான்னு பேரு வேறயா?"

"வெள்ளை எப்படிம்மா வருது?"

"நானோ துகள் நீலம், சாயம் ஆரஞ்சு. ரெண்டும் சேந்தா வெள்ளை. மணிக்கணக்கா இந்த விளக்குல விட்டா சாயம் செத்துடும். துகளுக்கு ஒன்னும் ஆகாது."

ஐலீன் கையுறையோடு பிணத்தின் கையைத் தூக்கினாள். அடியில், நீலத்தின் நடுவே, ஐந்து விரல்களோடு வெள்ளையாக ஒரு கை ஒளிர்ந்தது. கட்டைவிரலின் ஓரம் மட்டும் கலங்கியிருந்தது. அவள் குனிந்து அந்த ஓரத்தை உற்றுப் பார்த்தாள்.

"கை விழுந்தப்புறம் விளக்கு மணிக்கணக்கா எரிஞ்சிருக்கு, ஆலன். கை மறைச்ச எடத்துல மட்டும் சாயம் பொழச்சிருக்கு. நீங்க வந்தப்ப இருட்டுன்னா, நடுவுல அணைச்சது யாரு? சுவிட்ச் கதவோரம். இவரு எழுந்து போய் அணைச்சிட்டு, அச்சு மாறாம அதே எடத்துல கைய வச்சாரா? இன்னொரு சாவி உங்க கிட்டதான இருக்கு?"

ஆலன் தோளைக் குலுக்கினான். "அணைக்காம விட்டா, கதவிடுக்குல வெளிச்சம் தெரிஞ்சு காவலாளி வந்திருவான்ல?"

போலீஸார் அவனுக்கு விலங்கு பூட்டினார்கள். தேன்மொழி ஐலீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உடனே போயிட்டாருல்ல, புவான்? கஷ்டப்படலதானே?"

ஐலீன் அந்தக் கலங்கிய ஓரத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உடனேதாம்மா."

வாசலைத் தாண்டிய ஆலன், படுபாவி, நின்று திரும்பினான்.

"ஏன் புவான் பொய் சொல்றீங்க? நான் விளக்க அணைக்கிறப்பக்கூட அவன் கட்டைவிரல் ஆடிக்கிட்டுத்தான் இருந்திச்சு."