சரக்கு யார்டின் நான்கு படங்கள்

புதன்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பத்மாவதியின் வீட்டுக்கு வந்த பெண், கதிரையில் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு யன்னலடிக்குப் போய்க் கீழே ஒழுங்கையைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் பின்னால வரேல்லை," என்றார் பத்மாவதி. "இருங்கோ பிள்ளை. முதல்ல தண்ணியைக் குடியுங்கோ."

அது 1997ஆம் ஆண்டு. கொழும்பு வெள்ளவத்தைத் தமிழர் வீடுகளில் யன்னலடிக்குப் போய்ப் பார்ப்பது அப்போது எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது.

பத்மாவதிக்கு அறுபத்து மூன்று வயது. புகையிரதத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் சரக்குப் பெட்டிகளின் பதிவேட்டை வைத்திருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அயலவர்கள் தொலைந்த கோப்பையும் மாறிப்போன பெயரையும் அவரிடம் கொண்டுவந்தார்கள். அவசரப்படாமல் கேட்டு, அவசரப்படாமல் அவிழ்த்துக் கொடுப்பார். கீழ்மாடியில் புகைப்பட ஸ்டூடியோ வைத்திருந்த ஷிப்லிக்கோ அவசரம் மட்டும்தான் தெரியும். நாற்பத்தைந்து வயதாகியும், யாராவது கலங்கிய முகத்தோடு படியேறினால் கடையை மனைவி நஸீறாவிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவார். அன்றும் வந்து வாசலோடு நின்றிருந்தார்.

பெண்ணின் பெயர் றஞ்சிதம். பாமன்கடைப் பக்கம் ஒரு வாடகை அறையில் தையல் வேலை செய்பவள். கணவர் இரத்தினசிங்கம் முன்பு காங்கேசன்துறை ஸ்டேஷனில் வேலை செய்தவர். போரில் வடக்குக்குக் கோச்சி, அதாவது ரயில், நின்றபின் கொழும்புக்கு வந்து, காலி வீதியில் தொலைபேசி, ஃபாக்ஸ் கடையொன்றில் இருந்தார்.

"நேற்று விடிய எங்கட பக்கம் சுற்றிவளைப்பு," என்றாள் றஞ்சிதம். "மேசை லாச்சிக்குள்ள மூண்டு படமும் இவர் எழுதின ஒரு துண்டும் இருந்தது. எண்ணெய்க் கோச்சியை வேவு பாத்ததெண்டு பிடிச்சுக்கொண்டு போயிட்டினம். வெள்ளிக்கிழமை தொண்ணூறு நாள் அடைச்சு வைக்க ஓடர் போட்டு வெளியூருக்குக் கொண்டு போகப் போகினமாம். இந்தப் படம் தையல் மெஷினுக்குப் பின்னால விழுந்து கிடந்தது. பிறகுதான் கண்டனான்."

பத்மாவதி படத்தை நிமிர்த்தினார். கறுப்பு வெள்ளைப் படம். நீராவி எஞ்சின் ஒன்று புகை கக்கியபடி நின்றது. பின்னால் எண்ணெய்ப் பெட்டிகள் மூன்று, மூடிய சரக்குப் பெட்டி ஒன்று, நீண்ட திறந்த பெட்டி ஒன்று. ஓரத்துச் சுவரில் ஒரு மணிக்கூடு. ஆட்கள் இல்லை, வீடுகள் இல்லை.

"படம் ஆர் தந்ததெண்டு அவர் சொன்னவர்?"

"இங்கிலாந்தில ஒரு வயசானவர் பழைய எஞ்சின் படங்களை அனுப்பி, இது என்ன வகை, எந்த யார்டு எண்டு கேக்கிறவராம். கடிதமும் லாச்சிக்குள்ள இருக்கெண்டு பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார். அவை தேடினவை. கடிதம் இல்லை. அதால இவர் பொய் சொல்லுறாரெண்டு நினைக்கினம்."

"நீங்கள் அந்தக் கடிதத்தைக் கண்டனீங்களோ?"

"இல்லை. எனக்கு உது ஒண்டும் தெரியாது."

ஷிப்லி படத்தைத் திருப்பிப் பார்த்தார். "பேப்பர் புதுசு அக்கா. போன வருசம் வந்த பேப்பர் இது. ஆனா நெகட்டிவ் பழசா இரிக்கலாம், பிரிண்ட் மட்டும் இப்ப போட்டிரிக்கலாம்." பொலிசாரின் வாதம் என்ன என்பதும் அதிலிருந்தே விளங்கியது. பேப்பர் புதிது, அதனால் படம் புதிது.

சட்டத்தரணி வாங்கித் தந்த நகலையும் றஞ்சிதம் கொண்டுவந்திருந்தாள். மேலே இரத்தினசிங்கத்தின் துண்டு, கீழே அதன் சிங்கள மொழிபெயர்ப்பு. துண்டில் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்.

*எண்ணெய் தாக்கி 3. சி 4.*
*மூடின பெட்டி 1. சி 4.*
*நீட்டுப் பெட்டி 1. சி 8.*

முதல் வரியின் மொழிபெயர்ப்பை யாரோ சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்கள். 'எண்ணெயைத் தாக்கு. மூன்று. சீ-ஃபோர் வெடிமருந்து.'

ஷிப்லி அதை வாசித்துவிட்டு மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

பத்மாவதி றஞ்சிதத்திடம் திரும்பினார். "அவர் எழுதின வேற ஏதும் உங்களிட்ட இருக்கோ? என்னெண்டாலும் பரவாயில்லை."

றஞ்சிதம் கைப்பையைத் துழாவி, மடித்துக் கசங்கிய சாமான் துண்டு ஒன்றைக் கொடுத்தாள். பத்மாவதி அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். இரண்டாம் வரியில் அவர் விரல் நின்றது. அவருடைய கண்ணுக்கு அது 'தேக்காய் 2' என்றிருந்தது.

"உங்கட மனுசன்ர எழுத்தை வாசிக்கிறது வலு கஷ்டம் பிள்ளை."

"அந்த வெள்ளைக்காரன்ர எழுத்து இதைவிட மோசம்," என்றாள் றஞ்சிதம்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. பத்மாவதி துண்டை மடித்து மேசைமேல் வைத்தார்.

"அந்தக் கடிதத்தை என்ன செய்தனீங்கள்?"

றஞ்சிதம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒழுங்கையில் பூட்ஸ் சத்தம் கேட்டபோது, கணவர் வாசலில் அடையாள அட்டையோடு நிற்க, அவள் லாச்சியைத் திறந்திருக்கிறாள். இங்கிலாந்து முத்திரை ஒட்டிய உறை கண்ணில் பட்டது. வெளிநாட்டுக் கடிதமென்றால் கேள்வி வரும் என்று அடுப்புக்குள் போட்டாள். அடியில் படங்கள் கிடந்தது அவளுக்குத் தெரியாது.

"அவரைக் காப்பாத்தக்கூடியது அது ஒண்டுதான். அதை நான் எரிச்சுப்போட்டன். அவருக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"இனிச் சொல்லவும் வேண்டாம், நானே சொல்லுற வரைக்கும்," என்றார் பத்மாவதி. "கடிதம் இல்லையெண்டால் படத்திட்டத்தான் கேக்க வேணும். ஷிப்லி, உங்கட கண்ணாடியைக் கொண்டு வாங்கோ."

ஷிப்லி உருப்பெருக்கியோடு வந்து முதலில் எஞ்சினைப் பார்த்தார். "நம்பரைப் புகை மறைச்சிரிக்கி அக்கா. சில்லு பெரிசு. அட, இந்த மணிக்கூட்டைப் பாருங்க. பன்னெண்டு பத்து. ஆனா பெட்டிட நிழல் சரியா அடியிலதான் விழுந்திரிக்கி, உச்சி வெயில். போன வருசம் நாடு முழுக்க நேரத்தை அரை மணித்தியாலம் முன்னால தள்ளிட்டாங்க தானே? இப்ப எடுத்த படமெண்டா, நிழல் இப்பிடி விழக்குள்ள மணி பன்னெண்டு நாப்பது ஆகியிரிக்கும். அப்ப பழைய நேரத்தில எடுத்த படம்."

"கெட்டித்தனம்தான்," என்றார் பத்மாவதி. "ஆனால் முப்பத்திரண்டு வருசத்தில ரெண்டு யார்டு மணிக்கூடு ஒரே நேரம் காட்டி நான் காணேல்லை. இன்ஸ்பெக்டரும் அதைத்தான் சொல்லுவார்."

ஷிப்லி சளைக்காமல் பெட்டிகளுக்கு நகர்ந்தார். "எண்ணெய்ப் பெட்டிக்குக் கீழ, இரும்புச் சட்டத்தில வெள்ளையா ஒரு சதுரம். கடையில விலை ஒட்டுற மாதிரி. என்னமோ எழுதியிரிக்கி, வாசிக்க ஏலா."

பத்மாவதி உருப்பெருக்கியை அவர் கையிலிருந்து வாங்கினார். பார்த்துவிட்டு, "இந்தச் சதுரத்தை மட்டும் பெரிசாக்கித் தர ஏலுமோ?" என்று கேட்டார். "காலமைக்கு வேணும்."

மறுநாள் காலை ஷிப்லி கொண்டுவந்த பிரதியைப் பார்த்ததும் பத்மாவதி திருப்தியோடு தலையை அசைத்தார். சேலையை மாற்றிக்கொண்டு குடையை எடுத்தார்.

"நாலாவது படத்தையும் கொண்டு போறமா?" ஷிப்லியின் குரல் தணிந்தது. "அவங்க கையில இல்லாத படம். அந்தப் பிள்ளையையும் உள்ள போட்டா?"

"மறைச்ச சாமானாலதான் இவ்வளவு கரைச்சலும். மேசையில வைச்சுப்போட்டுத்தான் கதைக்கப் போறன்."

பொலிஸ் நிலையத்தில் றஞ்சிதத்தையும் சேர்த்து மூவரையும் இரண்டு மணித்தியாலம் வாங்குப் பலகையில் இருத்திவைத்தார்கள். இன்ஸ்பெக்டர் விக்ரமரத்ன தூக்கமில்லாத கண்களோடு இருந்தார். பத்மாவதியின் சிங்களம் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்து பழகிய சிங்களம், ஒரு சொல் பிசகாது. தான் யார், எங்கே வேலை செய்தவர் என்று சொல்லி, நான்காவது படத்தை அவர் முன்னால் வைத்தார். அவர் புருவத்தை உயர்த்தினாலும் குறுக்கிடவில்லை.

"முதலில் இந்தத் துண்டு, ஐயா. இதை மொழிபெயர்த்தவர் இங்கே இருக்கிறாரா?"

பக்கத்து அறையிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்தார். பத்மாவதி றஞ்சிதத்தின் சாமான் துண்டை நீட்டினார். "இதையும் அவர்தான் எழுதியது. இரண்டாவது வரியை வாசியுங்கள்."

"தேக்..." என்று தொடங்கிய கான்ஸ்டபிள் நிறுத்தினார். முகத்தில் சிரிப்பு வரப்பார்த்தது. "தேங்காய் இரண்டு, சேர்."

"ஏன் திருத்தினீர்கள்?"

"தேக்காய் என்று ஒன்று கடையில் இல்லையே."

"அவருடைய கையில் 'ங்'கும் 'க்'கும் ஒன்றுதான். அதே கண்ணோடு இதை வாசியுங்கள்."

கான்ஸ்டபிள் வாசித்தார். "எண்ணெய்... தாங்கி." சிரிப்பு மறைந்தது. அவர் இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, தாங்கி என்றால் டேங்க், எண்ணெய் கொண்டுபோகும் பெட்டி என்று விளக்கினார். தாக்குதல் என்ற சொல் அங்கே இல்லை.

"சீ-ஃபோர் இருக்கிறதே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அடுத்தடுத்த வரிகளையும் பாருங்கள், ஐயா. மூன்றாவது வரியில் சீ-எட்டு. அப்படியொரு வெடிமருந்து உண்டா?"

இன்ஸ்பெக்டர் துண்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"யாழ்ப்பாணத்தார் வீலைச் சில்லு என்போம். 'சி' என்பது சில்லு. எண்ணெய்ப் பெட்டியில் இந்தப் பக்கம் எத்தனை தெரிகிறது, எண்ணுங்கள்."

அவர் பென்சில் முனையால் எண்ணினார். இரண்டு. மறுபக்கம் இரண்டு. நான்கு. மூடிய பெட்டிக்கும் நான்கு. நீண்ட பெட்டிக்குப் பக்கத்துக்கு நான்காக எட்டு. பென்சிலை மேசையில் வைத்துவிட்டுக் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் சுவரைப் பார்த்தார்.

"சரி. பட்டியல் சரக்குப் பெட்டிப் பட்டியல்தான். ஆனாலும் அவர் போன மாதம் யார்டுக்குள் நின்று எண்ணியிருக்கலாம். பேப்பர் புதிது. நீராவி எஞ்சின் என்பதால் பழையது என்று சொல்லாதீர்கள், சுற்றுலாக்காரருக்கு ஒன்று இன்னும் ஓடுகிறது."

"அந்த எஞ்சின் நிலக்கரிக்கும் தண்ணீருக்கும் பின்னால் தனிப் பெட்டி இழுக்கும். இது தண்ணீரை விலாவிலேயே சுமக்கிறது. ஆனால் எஞ்சினை விடுங்கள். எல்லாரும் எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது பெட்டிகளை."

ஷிப்லி பெரிதாக்கிய பிரதியை அவர் விரித்தார். இன்ஸ்பெக்டர் முன்னால் குனிந்தார். இரும்புச் சட்டத்தில் வெள்ளைச் சதுரம், அதற்குள் கறுப்பு எழுத்தில் இலக்கங்கள். 14-3-51.

"ஒரு பெட்டியைப் பழுது பார்த்து வெளியே விடும்போது அந்தத் தேதியைச் சட்டத்தில் எழுதுவோம். அடுத்த முறை அதை அழித்துப் புதுத் தேதி எழுதுவோம். உங்களிடமுள்ள படங்களிலும் இதே இடத்தில் பாருங்கள்."

இன்ஸ்பெக்டர் கோப்பைத் திறந்து, ஷிப்லி நீட்டிய உருப்பெருக்கியை வாங்கினார். ஒரு படத்தில் சட்டம் இருட்டாக இருந்தது. மற்ற இரண்டில் தேதி இருந்தது. ஒன்று 1950, மற்றது 1951.

"யார்டு மூலையில் கிடக்கும் பழைய பெட்டியாக இருக்கலாமே. அழிக்காமல் விட்டிருக்கலாம்."

"இது எஞ்சினோடு பூட்டியிருக்கிறது. எஞ்சின் புகைவிடுகிறது. எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள், கத்தியால் வெட்டியது போல. சுவரையும் மணிக்கூட்டையும் வைத்துச் சொன்னால் இது கொட்டாஞ்சேனைப் பக்கம், துறைமுகத்துச் சரக்கு யார்டு. அங்கே உப்புக் காற்று இரண்டு வருடத்தில் இந்த எழுத்தைத் தின்றுவிடும். நாற்பத்தாறு வருடம் நிற்காது. இந்தப் படம் எடுக்கும்போது இரத்தினசிங்கம் பிறக்கவே இல்லை, ஐயா. அவருடைய அடையாள அட்டை உங்களிடம்தான் இருக்கிறது."

இன்ஸ்பெக்டர் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தார். 1956. பிறகு தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து, புகையிரத வேலைத்தளத்தில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, தேதி எழுதும் வழக்கம் உண்டா, எங்கே எழுதுவது என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இரண்டு தடவை "ஹரி, ஹரி", சரி சரி, என்றார்.

ரிசீவரை வைத்துவிட்டுக் கோப்பை மூடினார். "கடிதம் இருப்பதாகச் சொன்னாரே. அது எங்கே?"

பின்னால் வாங்கில் இருந்த றஞ்சிதம் எழுந்தாள். பத்மாவதி அவளை முந்திக்கொண்டார். "சுற்றிவளைப்பு என்றதும் பயத்தில் வீட்டில் எரித்துவிட்டார்கள், ஐயா. கைகால் நடுங்கும் நேரத்தில் சனங்கள் செய்கிற வேலை."

இன்ஸ்பெக்டர் றஞ்சிதத்தைப் பார்த்தார். "நாளைக்கு வந்து கூட்டிக்கொண்டு போங்கள்," என்றார். "சவரம் செய்ய ஏதாவது கொண்டுவாருங்கள்."

வெள்ளிக்கிழமை பகல் இரத்தினசிங்கம் வெளியே வந்தார். நான்கு நாள் தாடி, பெல்ட் இல்லாத காற்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தார். பத்மாவதியும் ஷிப்லியும் சற்றுத் தள்ளி, பஸ் தரிப்பில் நின்றார்கள். றஞ்சிதம் அவர் முன்னால் போய் நின்று, வேறு எதுவும் கேட்காமல் அதைத்தான் முதலில் சொன்னாள்.

"அந்தக் கடிதத்தை நான்தான் எரிச்சனான்."

அவர் அவளையே பார்த்தார். "முழுக்கவோ?"

"ஓம்."

"கடைசிப் பக்கமும்?"

"எல்லாம்தான். நான்தான் உங்களை..."

இரத்தினசிங்கம் பக்கத்து மதிலில் கையை ஊன்றிக்கொண்டார். மூச்சு நீளமாக வெளியே வந்தது. "கடிதம் இருக்கெண்டு பதறி அவைக்குச் சொல்லிப்போட்டன். கூட்டுக்குள்ள போட்ட பிறகுதான் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்தது. எண்ணெய்க் கோச்சி இப்பவும் அந்த வழியாலதான் போறதோ, எத்தினை மணிக்கு, கிட்ட நிண்டு பாக்க ஏலுமோ எண்டு அந்தாள் கேட்டு எழுதியிருந்தது. வாற வருசம் வந்து படம் எடுக்க வேணுமாம். பாவம், அந்த மனுசனுக்கு இங்கத்தை நிலைமை என்ன தெரியும்? மூண்டு நாளா நான் கண் மூடேல்லை. அது அவையின்ர கையில கிடைச்சிடக் கூடாதெண்டுதான் கும்பிட்டுக்கொண்டிருந்தனான்."

றஞ்சிதம் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பிறகு பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல், தோள்கள் குலுங்க. இரத்தினசிங்கமும் காற்சட்டையைப் பிடித்தபடி அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். ஷிப்லி மறுபக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"பஸ் வருது," என்றார் பத்மாவதி.

நால்வரும் ஏறினார்கள். எல்லாருக்கும் உட்கார இடம் கிடைத்தது.