மன்றாட்டு விதி

"மன்றாட்டு ஒன்று தடுக்கப்பட்டது. உங்கள் வீடு பத்திரமாக உள்ளது" என்று சமையலறைச் சுவரில் பச்சை எழுத்து ஓடியபோது கோகிலவாணி தோசைக்கல்லில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இப்படி ஓடும். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அன்றைக்கு என்னவோ பார்த்துவிட்டாள். அனுப்பியவர் என்ற இடத்தில் அவள் மகனின் பெயர் இருந்தது. பரிதி.

"ஏனுங்க, இங்க சித்த வாங்க. பரிதி என்னமோ அனுப்பீருக்கறான். இந்த மதிலு உள்ள விடமாட்டேங்குது."

மயில்சாமி பல் துலக்கிய வாயோடு வந்து நின்றான். பொள்ளாச்சியில் தேங்காய் நார்க் களம் வைத்திருப்பவன். எதையும் ஒரு முறைக்கு இரு முறை உருட்டிப் பார்த்துத்தான் வாங்குவான். "அவன்தானா? இல்ல அவன் பேர்ல எவனாச்சுமா?" என்றான்.

மதில் என்ற ஒன்று பிறந்ததே இந்தக் கேள்வியால்தான். போலிக்குரல் காலத்தில் ஊரே அழுதது. "அம்மா, மாட்டிக்கிட்டேன், உடனே எதாச்சும் பண்ணும்மா" என்று பெற்ற பிள்ளையின் குரலிலேயே, அவன் இருமும் இருமலோடு, எவனோ ஒருவன் அழைப்பான். தோப்பை விற்றவர்கள் உண்டு. அப்போதுதான் முகம் தெரியாத சில தன்னார்வலர்கள் சேர்ந்து மதிலை எழுதினார்கள். அதன் நிரலை யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், காலணா தர வேண்டாம். அதன் உயிர்நாடி மன்றாட்டு விதி. கெஞ்சல், விம்மல், அவசரம் இவற்றில் எது கலந்திருந்தாலும் அந்தச் செய்தி உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. தடுத்ததை அங்கேயே எரித்தும் விடும். ஒரு வரி கண்ணில் பட்டாலே நம் ஜனங்கள் உருகிவிடுவார்களே! ஒரே வருடத்தில் மோசடி ஒழிந்தது. அரசாங்கம் மகிழ்ந்துபோய், மதில் இல்லாத வீட்டுக்கு இணைப்பே கிடையாது என்று சட்டம் போட்டது. நல்லதுதானே? நல்லதுதான், யார் இல்லையென்றது!

பத்தாம் பதிப்பு வரைக்கும் வீட்டு மனிதர்களுக்கு மதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. போன வாரம் பதினொன்றாம் பதிப்பு வந்தது. அதோடு அந்தத் தயவும் போயிற்று.

பரிதி இருப்பது இந்தியப் பெருங்கடலின் அடியில், ஆழ்தளத்தில். கடல் தரையில் கிடக்கும் உலோக உருண்டைகளைப் பொறுக்கும் சுரங்கம் அது. நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். "நல்லாருக்கேன், மீனு தின்னு தின்னு சலிச்சுப்போச்சு" என்று வாரம் ஒரு வரி எழுதுவான். சின்ன வயதில் காய்ச்சல் கொதிக்கும்போதுகூட ஒரு டம்ளர் வெந்நீர் கேட்காத பிள்ளை. அவன் மன்றாடியிருக்கிறான் என்றால்? கோகிலவாணி தோசையைத் திருப்ப மறந்தாள். கல்லில் தோசை கருகியது.

மதியத்துக்குள் இன்னும் இரண்டு தடுக்கப்பட்டன. இரண்டும் பரிதியிடமிருந்து.

அவன் கம்பெனியைக் கூப்பிட்டாள். "ஆழ்தளத்தில் அனைவரும் நலம். எந்தப் புகாரும் வரவில்லை" என்று ஓர் இயந்திரக் குரல் தேனாகச் சொன்னது. எப்படி வரும்? கம்பெனி வாசலிலும் இதே மதில்தானே நிற்கிறது. மயில்சாமி போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான். அங்கிருந்த அதிகாரி அவனை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"மதிலு தடுத்துருச்சுன்னா அது மோசடிதானுங்க. நல்லவேளை, தப்பிச்சுட்டீங்க" என்று கையையும் குலுக்கி அனுப்பினார்.

மிச்சம் இருந்தது இணையத்தில் உள்ள மதிலின் உதவிக்கூடம். மதிலை எழுதிய தன்னார்வலர்கள் தங்கள் வேலை நேரம் போக வந்து உட்கார்ந்து, கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் இடம். கோகிலவாணி எழுத ஆரம்பித்தாள். "வணக்கமுங்க. எல்லாரும் நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டாச்சுங்களா? தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. ஒரு சின்ன உதவிங்க. எம்பையன் அனுப்பறது வரமாட்டேங்குதுங்க."

அனுப்பும் பொத்தான் சிவந்து இறுகிக்கொண்டது. மன்றாட்டு.

அவள் மேல் தப்பில்லை. பொள்ளாச்சிப் பக்கத்தில் தெரியாத வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்பதென்றாலும் நலம் விசாரித்து, சாப்பாடு விசாரித்து, அப்புறம்தான் தாகத்தைச் சொல்வார்கள். மோசடிக்காரன் அந்த மரியாதையையும் கற்றுக்கொண்டு பேசினான். மதில் அவனைப் பிடிக்கப் போய் மரியாதையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

சாப்பாட்டை எடுத்தாள். மன்னிப்பை எடுத்தாள். "எம்பையன்" என்ற சொல் இருக்கும்வரை பொத்தான் அசையவில்லை.

கூடத்தின் முகப்பில் 'கேட்பது எப்படி' என்று ஒரு பலகை இருந்தது. வணக்கம் வேண்டாம். நன்றி வேண்டாம். சொந்தக் கதை வேண்டவே வேண்டாம். மதிலின் பதிப்பு, எதிர்பார்த்தது, நடந்தது, முயன்றவை இவ்வளவுதான் வேண்டும். கடைசியில் அவசரம் என்று ஒரு வரி. அதில் 'ஆம்' போட்டுப் பார்த்தாள், சிவப்பு. 'இல்லை' என்று மாற்றியதும் பொத்தான் இளகியது.

"பதிப்பு: பதினொன்று. எதிர்பார்த்தது: அனுப்புநர் அ-வின் செய்தி. நடந்தது: மூன்றும் தடுக்கப்பட்டன. முயன்றவை: கம்பெனி, போலீஸ். அவசரம்: இல்லை."

போய்விட்டது! பெற்ற மகனை 'அனுப்புநர் அ' என்று எழுதிய கையைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

எறும்புதின்னி என்ற புனைபெயரில் ஒருவர் பதில் எழுதினார். "தெளிவான கேள்வி. இன்று ஒழுங்காகக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். மதிலின் பதிவுக் கோப்பை இணைக்கவும்."

இணைத்தாள்.

"பார்த்தேன். இது பழுதல்ல. மதில் தன் வேலையைத்தான் செய்கிறது."

"அனுப்புநர் அ-வுக்கு மட்டும் விலக்குத் தர முடியுமா?"

"முடியாது. விலக்குக் கொடுத்த பெயரைத்தான் திருடன் முதலில் போட்டுக்கொள்வான்."

'அவன் நான் பெத்த புள்ளைங்க' என்று அடித்தாள். பொத்தான் சிவந்தது. அழித்தாள். "வேறு வழி உண்டா?" என்று அடித்தாள். போனது.

"உண்டு. அனுப்புநரையும் நீங்கள் எழுதிய இதே அமைப்பில் எழுதச் சொல்லுங்கள். கண்ணீர் இல்லையென்றால் மதிலுக்கு ஆட்சேபணை இல்லை. அவசரம் என்ற இடத்தில் மறக்காமல் 'இல்லை' என்றே போடச் சொல்லுங்கள். தீர்ந்தது என்று குறித்துக்கொள்ளட்டுமா?"

"குறிக்கவும்."

எறும்புதின்னி கெட்டவர் இல்லை. எங்கோ ஓர் அறையில், நாள் முழுக்க உழைத்துக் களைத்தபின், சம்பளமில்லாமல் உட்கார்ந்து யார் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பவர். அவரிடம் அழ முடிந்திருந்தால் அவரும்கூட அழுதிருப்பார். அவரால் முடிந்த மரியாதையாக, கோகிலவாணியின் கேள்வியைக் கூடத்தின் முகப்பில் ஒட்டி, 'இப்படிக் கேளுங்கள்' என்று மேலே தலைப்பும் போட்டார்.

மகனுக்கு அவள் எழுதியதை மயில்சாமி எட்டிப் பார்த்தான். "இந்த அமைப்பில் எழுதவும். அவசரம்: இல்லை எனக் குறிப்பிடவும்."

"ஏம்புள்ள, பெத்தவ எழுதற லட்சணமா இது? ஒரு கண்ணு, ஒரு சாமி போடக்கூடாதா?"

"போட்டாப் போவாதுங்க! நானென்ன வேணும்னா இப்பிடி எழுதறேன்?" என்று கத்தியவள், அடுத்த கணமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மயில்சாமி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பொழுது சாயும்போது சுவரில் பச்சை எழுத்து ஓடியது. செய்தி ஒன்று அனுமதிக்கப்பட்டது.

"பதிப்பு: பதினொன்று. எதிர்பார்த்தது: எங்களை மேலே ஏற்றும் கலம். நடந்தது: கலத்தின் வடம் அறுந்தது. நாற்பது பேரும் ஒரே அறையில் இருக்கிறோம். காற்று நாளை இரவு வரை. முயன்றவை: கம்பெனிக்கு எழுதியது, கடல்மீட்பு நிலையத்துக்கு எழுதியது, அம்மாவுக்கு எழுதியது. அவசரம்: இல்லை."

கோகிலவாணி பெருங்குரலெடுத்து அழுதாள். அழுகையை வீட்டுக்குள் எவரும் தடுப்பதில்லை, அதுவரைக்கும் புண்ணியம். மயில்சாமி கடல்மீட்பு நிலையத்தைக் கூப்பிட்டான். "எம்பையன் கடலுக்கடியில" என்றதும் குரல் நடுங்கியது, இணைப்பு அறுந்தது. முகம் கழுவிவிட்டு வந்து, நார் லோடு விலை பேசுகிறவன் போலக் கணீரென்று ஆரம்பித்தான். 'காத்து' என்ற இடத்தில் தொண்டை அடைத்தது. அறுந்தது.

"நீங்க வுடுங்க. நான் எழுதறேன்" என்றாள் அவள். பரிதி எழுதியதை அப்படியே நிலையத்துக்கு எடுத்தெழுதினாள். 'இல்லை' என்பதை மட்டும் 'ஆம்' ஆக்கிப் பார்த்தாள். ஊஹூம். மறுபடி 'இல்லை' ஆக்கினாள். போயிற்று.

அதோடு நிற்கவில்லை. உதவிக்கூடத்தைத் திறந்து பார்த்தால், அவள் கேள்விக்குக் கீழே ஆட்கள் குவிந்திருந்தார்கள். ராமேஸ்வரத்தில் ஒரு தகப்பன், கொல்லத்தில் ஒரு மனைவி, விசாகப்பட்டினத்தில் ஓர் அண்ணன். எல்லார் வீட்டுச் சுவரிலும் ஆழ்தளத்திலிருந்து வந்த செய்தி எரிந்திருக்கிறது. எல்லாரும் அவளுடைய மாதிரியைப் பார்த்துத் தங்கள் ஆளுக்கு எழுதி, பதில் வாங்கி, கடல்மீட்பு நிலையத்துக்கும் அனுப்பியிருந்தார்கள்.

"ஏனுங்க, முப்பத்தொம்பது குடும்பமும் எழுதீருச்சுங்க! நம்மளோட நாப்பது! இத்தன பேரு சொன்னா மீட்புக் கலத்த அனுப்பாம இருப்பாங்களா?"

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் அப்போதுதான் ஒரு வாய் குடித்தாள். மயில்சாமி அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தான். இரண்டு பேருமே கொஞ்சம் சிரித்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

கடல்மீட்பு நிலையத்துக்கு வரும் செய்திகளை முதலில் படிப்பது மனிதரில்லை. வரிசையாக்கி என்ற இயந்திரம். எதை முன்னே தள்ளுவது, எதைப் பின்னே தள்ளுவது என்று பிரிப்பது அதன் வேலை. ஆயிரக்கணக்கில் வருவதால் அது கடைசி வரியைத்தான் பார்க்கும். பாவம், அதற்கும் வேலை அதிகம்.

சாப்பிட்ட கை காய்வதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஆழ்தளம் குறித்த உங்கள் செய்தி கிடைத்தது. தெளிவான அமைப்பில் எழுதியதற்குப் பாராட்டுகள். நாற்பது குடும்பத்தாரும் அவசரம் இல்லை என்று ஒருமனதாக உறுதி செய்திருப்பதால், தயாராக இருந்த மீட்புக் கலம் வேறு பணிக்கு அனுப்பப்பட்டுள்ளது. அது வரும் வெள்ளிக்கிழமை திரும்பும்."

அன்று திங்கட்கிழமை. மயில்சாமி இரண்டு தடவை படித்தான். பிறகு கார் சாவியைத் தேட ஆரம்பித்தான். துறைமுகத்துக்கே போய்விடலாம் என்றான், யார் காலிலாவது விழலாம் என்றான். சட்டைப்பையிலேயே சாவியை வைத்துக்கொண்டு வீடெங்கும் தேடினான்.

கோகிலவாணி 'அவசரமுங்க' என்று அடித்தாள். பொத்தான் சிவந்தது. அழித்துவிட்டு மறுபடியும் அதையே அடித்தாள்.